தேனீக்கள் வெளியே வைத்த மாப்பிள்ளை

இந்தக் காலத்தில் உட்கார்ந்து தின்கிறவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க எவனுக்கும் வாய் கிடையாது, அதற்கும் தேனீதான் வரவேண்டியிருக்கிறது என்பார் வெல்டிங்காரர். அவர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பரணில் கூடு கட்டியிருந்த தேனீக்கள், பூ வற்றிய மாதத்தில் உழைக்காத ஆண் தேனீக்களை வழக்கம்போல வெளியே தள்ளின. மறுநாள் காலை, வீட்டோடு மாப்பிள்ளையைப் பாயோடு தூக்கி, நிலையில் இடிக்காமல் திருப்பி, தெருவிளக்கடியில் இறக்கிவைத்தன. வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் அவர் எழுந்தார். உள்ளே வரப் பார்த்தபோது வாசலில் காவல் நின்ற தேனீக்கள் முகர்ந்துவிட்டு வழிவிடவில்லை. “என்ன மாப்பிள்ளை, குப்பை வண்டி இன்னும் வரலையா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

தையல் கம்பெனிக்குக் கிளம்பிய மகள் தன் புடவைகளையும் பிள்ளையின் துணிகளையும் பையில் அடைத்துவைத்தாள். “அப்பா, நான் திரும்பி வர்றதுக்குள்ள அவர் உள்ள இருக்கணும். இல்லேன்னா பிள்ளையத் தூக்கிட்டு நானும் தெருவுலதான்.”

“தேனீ எடுத்த முடிவுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?” என்றார் வெல்டிங்காரர், முகத்தில் சிரிப்பு தெரியாமல்.

அவள் தெருமுனை தாண்டுமுன் பிள்ளை அழ ஆரம்பித்தது. வெல்டிங்காரர் சாவிக்கொத்தை ஆட்டினார், தகரத்தைத் தட்டினார், பாடினார். பாட்டுக்கு அழுகை இரட்டித்தது. வெளியே கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் நீட்டக் கௌரவம் விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் பரணில் இரைச்சல் சட்டென்று நின்றது. தேனீக்கள் மொத்தமும் தெருவுக்குப் போயின. மாப்பிள்ளையைப் பாயோடு ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தன. அவர் பிள்ளையை மார்பில் போட்டு “ம்ம்ம்” என்றார். அழுகை அடங்கியது. சாயங்காலம் மகள் இருவரும் தூங்குவதைப் பார்த்துவிட்டுப் பையைப் பிரித்தாள்.

அதன் பிறகு அவரை யாரும் தூக்கவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தது, எதிர்வீட்டுக்காரி தன் பேரனைக் கொண்டுவந்து விட்டாள், நாலைந்து வருஷத்தில் கூடம் முழுக்கத் தொட்டிலானது. கூட்டில் பிறக்கிற வேலைக்காரத் தேனீயும் முதலில் குஞ்சுகளைத்தான் பார்த்துக்கொள்கிறது, பூவுக்குப் போவதெல்லாம் பிறகுதான் என்று மகள் விளக்கினாள்.

“புள்ளையத் தூக்குறதெல்லாம் ஒரு வேலையா?” என்றார் வெல்டிங்காரர், சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி. நாற்காலி தரையைவிட்டு நாலு விரல் எழும்பியது.

“சரி சரி, எறக்குங்கடி! பட்டறைக்குத்தான் கிளம்பறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு, “இருந்தாலும் அது வேலையா?” என்று முணுமுணுத்தபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.