மிதவைக் குச்சியில் இரட்டைச் சுருக்கு

ஏப்ரல் 3, வியாழன். காலை 5.40. காற்று இல்லை. காற்றழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

தவறு: நேற்று மாலை 'லூயிஸ்' படகின் நங்கூரக் கயிற்றைத் தோணியில் இருந்தபடியே பார்த்துவிட்டு 'நன்று' என்று எழுதிவிட்டேன். கயிறு தேயாமலிருக்க அதன்மேல் மாட்டிய ரப்பர் உறையை நகர்த்திக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. குளிர் ஒரு காரணம் ஆகாது. இன்று பார்க்க வேண்டும்.

மார்னி லிபி பேனாவை மூடினாள். திங்கள்கிழமை மாலை வகுப்பில் படகோட்டம் சொல்லிக்கொடுப்பவர், குறிப்பேட்டின் முதல் வரியில் அன்றன்றைய தவறை எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் இரண்டாம் வாரமே விட்டுவிட்டார்கள். மார்னி விடவில்லை. எழுதத் தவறு இல்லாமல் போன நாள் அவளுக்கு இதுவரை வாய்க்கவில்லை.

வானொலி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்தது. வடகிழக்கிலிருந்து புயல். ஒன்பது மணிக்குமேல் பனி, நண்பகலில் மழையாக மாறும், அந்த நேரம் பார்த்துக் கடல் ஏற்றமும் சேரும். மார்னியின் மாமா முழங்கால் தேய்ந்து தெற்கே போனபோது விட்டுச்சென்ற படகு லூயிஸ். அது பாறையில் மோதி உடைந்தால் அவள் மறுபடியும் பக்கத்து ஊர் ஆலையில் நண்டு உரிக்கப் போக வேண்டியதுதான்.

துறை எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. தோணியை வலித்துக்கொண்டு லூயிஸின் அருகே போனவள் துடுப்பை நிறுத்தினாள்.

நங்கூர மிதவையின் குச்சியில் யாரோ இரட்டைச் சுருக்குப் போட்டிருந்தார்கள்.

அந்தத் துறையில் ஒருவருடைய எல்லைக்குள் இன்னொருவர் சிங்கி இறால் கூடு இறக்கினால் வாய்ச்சண்டை கிடையாது. கூட்டின் மிதவைக் குச்சியில் இரண்டு சுருக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தூக்கிக்கொண்டு போ என்று அர்த்தம். போகாவிட்டால் அடுத்த முறை கத்தி பேசும்: மிதவைக் கயிறு அறுபடும், கூடு கடலடியில் தொலையும். போன அக்டோபரில் கரும்பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் மார்னியின் மூன்று மிதவைகளில் அப்படிச் சுருக்கு இருந்தது. எல்லை தாண்டவில்லை என்று அவள் வரைபடத்தை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டாள். பத்தே நாளில் ஆறு கூடுகளைக் காணவில்லை.

இப்போது அதே சுருக்கு, படகு கட்டும் மிதவையிலேயே. சுருக்கிலிருந்து கயிறு மேலேறி, படகின் முன்முனையில் கயிறு கட்டும் முன்கட்டையில் முடிந்திருந்தது. சிவப்பு இழை ஓடும் நீலக் கயிறு. துறையில் அதை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்: ஹார்லன் ஸ்ப்ராக். கரும்பாறைத் திட்டு அவர் தாத்தா காலத்திலிருந்து தங்களுடையது என்று சொல்பவர். அவருடைய படகு லூயிஸுக்குத் தென்மேற்கே, அடுத்த மிதவையில் நின்றது.

மார்னி யோசித்தாள். இரண்டாவது கயிறு எதற்கு? அலை வந்தால் இரண்டும் முறுக்கிக்கொள்ளும். ஒன்று மற்றொன்றை அறுக்கும். அறுந்தால் புயல்மேல் பழி. நினைக்க நினைக்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்துவதே அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலும் கைகள் அதற்குள் சுருக்கை அவிழ்த்துவிட்டன. நீலக் கயிற்றைச் சுருட்டித் தோணியில் எறிந்துவிட்டுக் கரைக்கு வலித்தாள். ரப்பர் உறையைப் பார்க்க வந்தது அவளுக்கு நினைவே இல்லை.

இரைக் கொட்டகையில் டெல்லா உப்பு போட்ட மீனைத் தொட்டிகளில் வாரிக்கொண்டிருந்தாள். துறையில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற கணக்கு அவளிடம்தான் இருந்தது. மார்னி கயிற்றை மேசைமேல் போட்டாள்.

"ஹார்லனோடது," என்றாள் டெல்லா. "எங்கேர்ந்துடி கெடைச்சுது?"

"என் படகுல. ரெட்டைச் சுருக்கு."

"அடப்பாவி. நேரா அவன்கிட்டயே கேட்டுடு."

"கேட்டா சொல்லிடுவாரா? அக்டோபர்ல கேட்டதுக்கு வானத்தைப் பாத்துட்டு, 'மழை வரும்போல'ன்னாரு."

"வந்துச்சா?"

"டெல்லாக்கா!"

"இல்லடி, வந்துச்சான்னு கேட்டேன். அவன் மழையைப் பத்திப் பொய் சொல்ல மாட்டான். வேற எதைப் பத்தியும் நான் கையடிச்சுச் சொல்ல மாட்டேன்."

ஒன்பது மணிக்கு முதல் பனி விழுந்தது. பத்து மணிக்கு அது விழவில்லை, பக்கவாட்டில் பறந்தது. கொட்டகையின் தகரக் கூரை தடதடத்தது. மார்னி சன்னலை விட்டு நகரவில்லை. லூயிஸ் தலையைத் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டிருந்தது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, தொப்பியெல்லாம் வெள்ளையாக, ஹார்லன் உள்ளே வந்தார். காபிக்குக் கை நீட்டியவர் மேசையைப் பார்த்து நின்றார்.

"அது என் கயிறு."

"தெரியும்," என்றாள் மார்னி.

"எங்கேர்ந்து எடுத்தே?"

"நீங்க கட்டின எடத்துலேர்ந்து."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அவுத்துட்டியா? இந்தக் காத்துலயா? ஏம் பொண்ணே, அந்த ரப்பர் குழாயைத் தூக்கி உள்ளே பாத்தியா இல்லையா?"

காலையில் தன் கையால் எழுதிய வரி மார்னியின் கண்முன் வந்து நின்றது.

"நேத்து சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். கயிறு தொங்குற தினுசே சரியில்ல. தொட்டுப் பாத்தேன். குழாய்க்குள்ள மணல் புகுந்து மூணு புரியில ரெண்டு போயிடுச்சு. அதான் ஒண்ணு போட்டு வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? ஆறு மாசமா என்னைப் பாத்தா தெருவோட அந்தப் பக்கம் போயிடறே."

"ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்கங்க," என்று டெல்லா கயிற்றை மார்னியின் கையில் திணித்தாள். "ஏற்றம் பன்னண்டு மணிக்கு. இப்போ பதினொண்ணு ஆகப் போகுது."

ஹார்லனின் தோணியில் மோட்டார் இருந்தது. மார்னி முன்னால் உட்கார்ந்து, ஏறிய தண்ணீரை இறைத்தாள். பனி கண்ணில் மணல்போல அடித்தது. வாளியைத் திரும்ப வைக்கப் பலகைக்கு அடியில் கை விட்டபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். மஞ்சள் மிதவை, நடுவில் கறுப்புப் பட்டை. பக்கத்தில் சூடு போட்ட எண் அவளுடைய உரிம எண்.

அக்டோபரில் காணாமல் போன ஆறு கூடுகளில் ஒன்றின் மிதவை.

திரும்பிப் பார்த்தாள். ஹார்லன் அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது அப்படித் தெரிந்தார். இந்தக் கடலில், இந்த ஆளின் தோணியில், இந்த ஆள் சொல்வதை நம்பித்தான் அவள் தன் படகுக்குத் தாவ வேண்டும். மிதவையை இருந்த இடத்திலேயே தள்ளினாள். முதலில் படகு.

"இப்போ!" என்று ஹார்லன் கத்தினார். "ஏறு, ஏறு, முழங்காலை உள்ளே இழு!"

லூயிஸின் விளிம்பு தலைக்குமேல் எழுந்து, பிறகு இடுப்புக்கு இறங்கியது. தாவினாள். நான்கு காலில் தவழ்ந்து முன்பக்கம் போய் ரப்பர் உறையைத் தள்ளினாள். ஒரே ஒரு புரிதான் மிச்சம் இருந்தது, அதுவும் மயிர் சிலிர்த்ததுபோல. நீலக் கயிற்றின் ஒரு முனையை முன்கட்டையில் நான்கு சுற்றுச் சுற்றி முடிந்து, மறுமுனையைக் கீழே எறிந்தாள். ஹார்லன் ஒரு கையால் மோட்டாரைப் பிடித்தபடியே மற்றொரு கையால் அதை மிதவையின் வளையத்தில் கோத்து இறுக்கினார். மிச்ச முனையைக் குச்சியில் சுற்றினார். ஒரு சுருக்கு. இன்னொரு சுருக்கு.

அடுத்த அலையில் பழைய கயிறு அறுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. படகு பின்னால் நழுவியது, மார்னி தளத்தில் விழுந்தாள். பிறகு நீலக் கயிறு விறைத்துப் படகை ஓர் உலுக்கு உலுக்கியது. லூயிஸ் நின்றது.

ஹார்லனின் தோணியில் கரைக்குத் திரும்பும்போது பனி மழையாக மாறியிருந்தது. படகுத்துறைப் படியில் ஏறியதும் மார்னி கேட்டாள்.

"எதுக்கு எனக்காக இவ்வளவும்?"

"உனக்கா? உன் படகு அவுந்தா நேரா எங்க வரும்? என் படகு மேலதான்." ஹார்லன் கையுறையைப் பிழிந்தார். "உன் மாமா கப்பல் மாதிரி ஒண்ணை விட்டுட்டுப் போயிருக்கான்."

"அப்புறம் ஏன் ரெட்டைச் சுருக்கு?"

"நான் எப்பவும் அப்படித்தான் கட்டுவேன்."

"அக்டோபர்லயும் அப்படித்தானா?"

ஹார்லன் வானத்தைப் பார்த்தார். இந்த முறை மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது. அவர் குனிந்து, தோணியிலிருந்து மஞ்சள் மிதவையை எடுத்து நீட்டினார்.

"பாத்துட்டேல்ல. உன்னோடதுதான். மார்ச்சுல என் கரையில ஒதுங்குச்சு. குடுக்கணும்னுதான் வச்சிருந்தேன்."

"கயிறு அறுந்து ஒதுங்குச்சா, அறுத்து ஒதுங்குச்சா?"

"நான் அதெல்லாம் பாக்கல."

"என் நங்கூரக் கயித்தை மட்டும் உறைக்குள்ள கை விட்டுப் பாத்தீங்க."

ஹார்லன் கொட்டகையை நோக்கி நடந்தார். நன்றி என்று மார்னி பின்னாலிருந்து சொன்னாள். சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் திரும்பாமல் கையை மட்டும் தூக்கினார்.

மாலை வரை படகுத்துறையில் நின்று லூயிஸைக் கண்காணித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் மிதவையைக் கழுவுதொட்டியில் வைத்தாள். அதில் ஒரு சாண் கயிறு மிச்சம் இருந்தது. முனையில் பாசியும் பனிக்கட்டியும் உருண்டையாக உறைந்திருந்தன. கத்தி பட்ட முனை என்றால் வழவழப்பாக இருக்கும். பாறையில் தேய்ந்தது என்றால் நார்நாராகப் பிரிந்திருக்கும். குனிந்து பார்த்தாள். வழவழப்புத்தான் என்று கண் சொன்னது. காலையில் சுருக்கைப் பார்த்தபோதும் கண் இப்படித்தான் நிச்சயமாகச் சொன்னது. விரல்களோ மரத்துப் போயிருந்தன. வெந்நீர்க் கோப்பையின் சூடுகூட இன்னும் உறைக்கவில்லை.

குறிப்பேட்டைத் திறந்தாள்.

மாலை 5.15. காற்று வடக்குக்குத் திரும்பித் தணிகிறது. மழை. லூயிஸ் தன் இடத்தில் நிற்கிறது.

நாளை: புதிய நங்கூரக் கயிறு போட வேண்டும், உறைக்குள் மணல் இல்லாமல். நீலக் கயிற்றை அலசி, காயவைத்து, ஹார்லனிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன், விரல்களில் உணர்ச்சி வந்ததும், மிதவைக் கயிற்றின் முனையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.