படக்காரியின் நல்ல பிரஷ்

மாடி வீட்டுப் படக்காரிக்கு எச்சில் என்றாலே குமட்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஆசையாகக் கடித்து நீட்டும் பிஸ்கட்டைக்கூட இரண்டு விரலால் வாங்கி, குழந்தை அந்தப்பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே அனுப்பிவிடுவாள். ஆனால் வரைய உட்கார்ந்துவிட்டால், பிரஷ்ஷை வாயில் வைத்து உதட்டால் உருவித்தான் நுனியைக் கூராக்குவாள். அது எச்சில் கணக்கில் சேராதாம். தொழிலாம்.

அந்தத் தொழிலில் அவளுக்கு அப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. மழையில் வீடு தேடி அலையும் நத்தையைப் பற்றி ஒரு சிறுவர் புத்தகம். மாதிரிக்கு ஒரு படம் வரைந்து வெள்ளிக்கிழமை பதிப்பாளர் அம்மாவிடம் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் புத்தகம் முழுக்க இவளுக்கு. பிடிக்காவிட்டால் பழையபடி சோப்பு உறைக்குப் பூ வரைய வேண்டியதுதான்.

கையைக் கடிக்காமல் சாமான் வாங்கினாள். கலர் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மலிவு ரகம், அதிலும் சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும், மற்றதைக் கலந்துகொள்ளலாம். கலக்குவதற்கு ஓரம் உடைந்த பீங்கான் தட்டு. தாள் மட்டமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் சுருண்டுகொள்ளும் என்பதால் நல்ல கெட்டித் தாள்தான், ஆனால் பெரிய தாளில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். இப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே ஒரு பிரஷ்ஷில் கொட்டினாள். நனைத்தால் ஊசியாகக் குவியும் நல்ல முடி.

“இந்தக் குச்சிக்கா இவ்வளவு?” என்று மூக்கில் விரல் வைத்தார் நாத்தனார். நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்து, கூடத்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டவர் அவர்.

கடையில் ஒன்றுதான் படக்காரிக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் தாளைப் பிரிக்கும்போதெல்லாம் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். அந்த ஈர விரல் தன் தாளில் பதிந்த இடத்தையெல்லாம் அவள் முந்தானையால் துடைத்துத் துடைத்தே வாங்கினாள்.

ஆகவே, வியாழக்கிழமை காலை நத்தையும் அது ஊர்ந்த வழியும் வெளிர்நிறத்தில் போட்டு, மேலே மழை நீலத்தை இழுத்தபோது, கலர் தாளில் ஒட்டாமல் முத்து முத்தாக விலகி ஓடியதும், அவள் வேறு யாரையும் சந்தேகப்படவில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்து யோசித்தாள். நாக்கில் கற்பூரம் போட்ட மெழுகு மாதிரி ஒரு ருசி. புது பிரஷ்ஷில் தடவும் பசையாக இருக்கும் என்று அதை விழுங்கியும் வைத்தாள். பிறகு கடைக்கு நடந்தாள்.

“உங்க எச்சில் பட்ட தாள்ல கலர் நிக்க மாட்டேங்குது அண்ணே” என்றாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது.

“எச்சில் தொடாம தாள் எப்படிம்மா பிரியும்? இந்தத் தெருப் பிள்ளைங்க எல்லாம் என் எச்சில்லதான் படிச்சு ஆளாச்சு” என்றார் அவர், விரலை நாக்குக்குக் கொண்டுபோனபடியே. அவர் கை படாத துண்டாகக் கட்டின் நடுவிலிருந்து தானே ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள் படக்காரி.

வீட்டில் பிரஷ் வைத்த இடத்தில் இல்லை.

கூடத்தில் நாத்தனார் காலை முக்காலி மேல் நீட்டியிருந்தார். மடியில் டப்பா; மெழுகும் கற்பூரமும் இன்னும் என்னென்னவோ போட்டு அவரே கிண்டிய வெடிப்பு மருந்து. குதிகாலில் கருத்துப் பிளந்திருந்த ஒவ்வொரு வெடிப்பிலும் அந்த நல்ல பிரஷ் நுழைந்து நுழைந்து வந்தது. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு நிதானமாக.

“விரல் போகாத எடத்துக்கெல்லாம் இது போகுதும்மா. வாங்கினது வீண் இல்ல.”

“எத்தனை நாளா அண்ணி?”

“நீ வாங்கின அன்னைலேருந்து. தொடைச்சுட்டு வச்ச எடத்துலயே வச்சிடறேனே.”

படக்காரி வாஷ்பேசினுக்கு ஓடினாள். உப்புத் தண்ணீர், பற்பசை, கடைசியில் சோப்பு. அவள் ஓங்கரித்தது கீழ்வீடு வரைக்கும் கேட்டு, நல்ல சேதி ஏதோ என்று இரண்டு பேர் விசாரிக்கவே வந்துவிட்டார்கள்.

பிரஷ்ஷை அலசி அலசிப் புதுத் தாளில் மறுபடி வரைந்தாள். வாயில் வைக்கத் துணிவு வரவில்லை, நுனி கூராகவில்லை, நத்தை அவித்த உருளைக்கிழங்கு மாதிரி உட்கார்ந்தது. கெட்டுப்போன தாளை அடியில் அட்டையாகக் கொடுத்து, அதைத்தான் வெள்ளிக்கிழமை எடுத்துப் போனாள்.

பதிப்பாளர் அம்மா உருளைக்கிழங்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடியில் இருந்ததை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. நீலத்துக்கு நடுவே கலர் விலகிய இடமெல்லாம், நத்தை போன தடம் ஈரமாக மின்னியது.

“பார்த்தாலே கை பிசுபிசுங்குது. இதை எப்படிக் கொண்டு வந்தீங்க?”

“அது... ஒரு பூச்சு.”

“எல்லாப் பக்கமும் இதே பூச்சுல வேணும்.”

மெழுகுவத்தியைத் தேய்த்துப் பார்த்தாள். தடம் தார் ரோடு மாதிரி வந்தது. எண்ணெயைத் தொட்டுப் பார்த்தாள். தாள் முழுக்கப் பரவியது. கடையில் கிடைக்கும் களிம்பெல்லாம் தண்ணீரோடு கரைந்து போயிற்று. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் முன்னால் போய் நின்றாள். அந்த டப்பாவில் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பதற்குள் இரண்டு தடவை வாஷ்பேசின் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

நாத்தனார் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“தனியா எடுத்துத் தரேன். நீ மட்டும் இதுல கை விட்டுடாதே. அடுத்தவங்க கை பட்டது எனக்கு ஆகாது.”

இப்போது மாடியில் திடீரென்று குழாய் திறந்து, வாய் கொப்பளிக்கும் சத்தம் விடாமல் கேட்டால், படக்காரி வேலையில் மூழ்கிப்போய்ப் பழைய பழக்கத்தில் நுனியைக் கூராக்கிவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும்.