பூஜைக்குப் பின் காணாமல் போன eth0

ஆயுத பூஜை முடிந்து அச்சகம் திறந்த காலையில், செல்வலட்சுமியின் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வரவில்லை. கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்தது.

அதே கேபிளைப் பக்கத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள். வேலை செய்தது. கேபிளும் சரி, விளக்கும் சரி என்றால் தடை எங்கே?

"லினக்ஸு கினக்ஸுன்னு போட்டியே, இப்பப் பாரு," என்றார் முதலாளி ஜெயச்சந்திரன். "அச்சுத் தகடு எடுக்குற பிளேட் ரூமுக்கு நெட்வொர்க்ல ஒரு ஷீட்டு போகல. காலண்டர் சீசன் தலைக்கு மேல நிக்குது. அழிச்சுட்டு விண்டோஸ் போட விருதுநகர்ல இருந்து கம்ப்யூட்டர் கடைக்காரன் பஸ் ஏறிட்டான்."

"என் புரோகிராம் போயிருமே சார்!"

தினசரி காலண்டர் தாள்களில் தேதி, கிழமை, நல்ல நேரம் எல்லாவற்றையும் தானே அடுக்கித் தரும் புரோகிராம். அவளே எழுதியது. லினக்ஸில்தான் ஓடும்.

"பஸ் வர்றதுக்குள்ள சரி பண்ணு, பாப்போம்."

ifconfig என்று தட்டினாள். இயங்கும் இணைப்புகளைக் காட்டும் கட்டளை அது. கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் lo மட்டும் வந்தது. எப்போதும் இருக்கும் eth0, அதாவது முதல் நெட்வொர்க் கார்டின் பெயர், இல்லை. தூங்குகிறவற்றையும் காட்டச் சொல்லி -a சேர்த்தாள். eth1 எட்டிப் பார்த்தது.

இருப்பதே ஒரு கார்டு. அது எப்படி இரண்டாவது ஆகும்? பயத்தை ஆர்வம் முந்திக்கொண்டது.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் தயாரிக்கும்போதே ஓர் எண்ணைப் பதித்துவிடுவார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் லினக்ஸ் பெயர் வைக்கும். 70-persistent-net.rules என்ற கோப்பைத் திறந்தாள். அதில் இரண்டு எண்கள். eth0 வேறொரு கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது; இப்போது உள்ளே இருக்கும் கார்டுக்கு eth1.

"பாண்டிண்ணே, பூஜைக்கு இதக் கழட்டுனீகளா?"

கட்டிங் மெஷின் ஓட்டும் பாண்டி நிமிர்ந்தார். "எல்லா மெஷினையும் கழட்டித்தான தங்கச்சி தொடைப்போம்? இதுலயும் பச்சையா ஒரு அட்டை இருந்துச்சு. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் உருவி, தொடைச்சு, சாமி முன்னால வச்சு மாட்டிட்டேன்."

"எது எதுல இருந்ததுன்னு பாத்தீகளா?"

"ரெண்டும் ஒரே மாதிரில்ல இருந்துச்சு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய கார்டு பஸ்ஸை விட்டு இறங்கியும், சீட்டில் போட்ட துண்டு அப்படியே கிடக்கிறது. புதிதாக ஏறிய கார்டு அடுத்த சீட்டில் உட்கார்ந்துவிட்டது. நெட்வொர்க் முகவரியோ முதல் சீட்டான eth0-க்குத்தான் எழுதியிருக்கிறது.

"திருப்பி மாத்தி மாட்டிரவா?"

"வேண்டாம்ணே. ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைங்க."

கோப்பில் இரண்டு இடத்தில் கைவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிளேட் ரூமிலிருந்து குரல் வந்தது: "ஷீட்டு வந்துருச்சு!"

ஜெயச்சந்திரன் போனை எடுத்தார். "தம்பி, எங்கன வர்ற? திருத்தங்கலா? அங்கனயே இறங்கித் திரும்பிருப்பா." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்னதாம்மா பண்ணுன?"

"பழைய கார்டோட வரிய அழிச்சேன் சார். இப்ப இருக்க கார்டோட வரியில eth1-ங்கிறத eth0-ன்னு மாத்துனேன். மெஷின ஒரு தடவ அணைச்சுப் போட்டேன். அம்புட்டுத்தான்."