மூன்றாவது தரம்

பச்சியப்பனுக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பேச்சு போனால் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி பாதி செத்த மாதிரிதான். பெங்களூரு ஆஸ்பத்திரியில்தான் அந்த ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். வெங்காயச் சருகு கனம். உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிகள் நெளிந்து ஓடும். தோல் இழுபடும்போது அதுவும் கூடவே நீளும், அறாது. கழுத்தில் ஒட்டிக்கொண்டு வாயசைத்தால் போதும். தசை அசைகிற தினுசைப் படித்து, சட்டைப்பையில் இருக்கிற போன் அவருடைய பழைய குரலிலேயே பேசும். தக்காளிக் காட்டிலிருந்து கூப்பிட்டாலும் வீட்டில் கேட்கட்டும் என்று அவர் மனைவி சுகுணாவின் தம்பி அறிவழகன் சமையலறையில் ஒரு ஸ்பீக்கரும் வைத்துக் கொடுத்தான்.

சுகுணா கொடுத்துவைத்தவள் என்றது ஊர். அவளுக்கோ அந்தக் குரலைக் கேட்டாலே பயம். தக்காளிக் கூடையோடு மேடேறி வந்தாலும் அதற்கு இரைப்பு கிடையாது. அவர் கண் சிவக்கத் திட்டினாலும் பை மட்டும் சாந்தமாகப் பேசும்.

"உங்ககிட்ட பேசறனா, உங்க சட்டகிட்ட பேசறனான்னே தெரியிலீங்க," என்பாள். அவர் வாயைத் திறந்து சிரிப்பார். சிரிக்க மட்டும் அந்த ஸ்டிக்கருக்குத் தெரியாது.

மத்தியானம் களி தின்றதும் அதை உரித்து டப்பாவில் போட்டுவிடுவார். வேர்வையில் கழுத்து அரிக்கும். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டிப் போனார். டப்பா மூடியபடி அலமாரியில் இருந்தது. சுகுணா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சுகுணா."

கை அப்படியே நின்றது. ஸ்டிக்கர் டப்பாவில் இருக்கிறது, பின்னே கூப்பிடுவது யார்? உச்சிப்பொழுது வேறு. காத்து கருப்பு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது, மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் மனுஷன், அதுவரை வாய் திறக்கக்கூடாது என்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"சுகுணா." அதே சாந்தம்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரவேயில்லை. நல்லவேளை தப்பித்தோம் என்று திருநீறு பூசிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம் என்று தேடிப் போனால், மோட்டார் கொட்டகையோரம் குப்புறக் கிடந்தார். மாரடைப்பு. உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர், சொல்லாமல் இருந்திருக்கலாம். கழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியபடி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சுகுணா டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி. அன்றைக்கு ஸ்டிக்கரைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. இரண்டு தரம்தானே கூப்பிட்டார், இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேனே என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு பிடிமானத்தில்தான் சோறு இறங்கியது.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த அன்று வீடு நிறைய சனம். சார்ஜ் இல்லாமல் கிடந்த மாமாவின் போனை அறிவழகன் எடுத்துச் சொருகினான். கொஞ்ச நேரத்தில் சமையலறை ஸ்பீக்கர் கரகரத்தது.

"சுகுணா."

கூடத்தில் இருந்தவர்கள் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

"பயப்படாதக்கா," என்றான் அறிவழகன். "அன்னிக்கி மாமா பேசினதுதான். போன்ல சார்ஜ் செத்து வந்து சேராம நின்னுருக்குது. இப்பத்தான் வருது."

"மூணாவது தரமும் கூப்புட்டாரா?"

அவள் கேட்டது அவனுக்கு விளங்கவில்லை. சுகுணா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய் ஸ்பீக்கருக்கு நேரே நின்றாள்.

"தோ, வந்துட்டங்க," என்றாள்.