லென்ஸ்காரர் தந்த புட்டி

கல்யாணம் ஆன ஏழாவது மாதம் லென்ஸ்காரர் பள்ளிக்கூட டீச்சரான தன் மனைவிக்கு ஒரு சின்னப் புட்டியைப் பரிசாகக் கொண்டுவந்தார். கூடவே நான்காக மடித்த மெல்லிய துணி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை.

"அசல் கண்ணாடி லென்ஸை எல்லாம் இதாலதான் துடைப்போம். உன் கண்ணுக்கும் ஆகட்டும்னு..." என்று இழுத்தார்.

டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒன்பது வயதில் ஒரு விபத்தில் இடது கண் போனதிலிருந்து அவளுக்கு வளையல் தந்தவர்கள் உண்டு, கைப்பை தந்தவர்கள் உண்டு. அந்தச் செயற்கைக் கண்ணுக்கென்று யாரும் எதுவும் தந்ததில்லை. சாதாரண சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும் என்று கண் செய்து தந்த அக்கா சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆசையாகக் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது?

முதல் சந்திப்பிலேயே கண் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டாள். ஆனால் அதைக் கழற்றி அவர் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை குளியலறையைத் தாழிட்டு, வாஷ்பேசினில் துண்டை விரித்து, கழற்றிக் கழுவி, மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். அந்தப் பக்கத்துக் குழியை அவர் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் அவர் பார்வை மாறிவிடும் என்று பயம்.

அந்த ஞாயிறு புட்டித் திரவத்தால் துடைத்தாள். மூன்றாம் நாள் உறுத்தியது. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டன. அழுக்குதான் போலும் என்று மறுபடி கழற்றி, மறுபடி அதே புட்டி. போகப்போகத் தினமும் துடைத்தாள். வகுப்பில் ஒரு வாண்டு, "மிஸ், ஏன் அழறீங்க?" என்றது.

"அழல. உன் கையெழுத்தைப் பாத்தா தானா தண்ணி வருது."

வீட்டில் அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை. லென்ஸ்காரர் லீவு போட்டு, கண் செய்யும் அக்காவிடம் அழைத்துப்போனார். அவரை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

அக்கா கண்ணைக் கழற்றி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதால துடைச்ச?"

அவள் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள். அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தாள். "ஸ்பிரிட்டு! யாரு குடுத்தா?"

"வீட்டுக்காரர்."

"கூப்பிடு அந்த மகானை."

டீச்சர் இடது பக்கத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டாள். அக்கா கண்ணை அவர் உள்ளங்கையில் வைத்து, "நகத்தால தட்டிப் பாருங்க" என்றாள்.

தட்டினார். முகம் வெளுத்தது. "பிளாஸ்டிக்கா? நான் கண்ணாடின்னுல்ல நெனச்சேன்!"

"லென்ஸ் கடையில இருந்துக்கிட்டு இது தெரியலையா உங்களுக்கு?"

"கையில வாங்கியிருந்தா அரை நொடியில தெரிஞ்சிருக்கும். பாத்ததே இல்லக்கா."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே டீச்சருக்குச் சுருக்கென்றது.

"ஸ்பிரிட்டு பட்டு பிளாஸ்டிக் மேல பூரா மயிரிழை வெடிப்பு," என்றாள் அக்கா. "அழுக்கு தங்கி உள்ள உரசி உரசிப் புண்ணாக்கியிருக்கு. நான் பாலிஷ் போட்டுத் தரேன். டாக்டர்கிட்ட சொட்டு மருந்து வாங்கி விடு. தினம் ஒருதடவ கழற்றி, இமையை விலக்கி, சிவப்பு குறையுதான்னு ஒருத்தர் பாத்துச் சொல்லணும். முத்தித் தழும்பு விழுந்தா உள்ள சுருங்கிடும். அப்புறம் எந்தக் கண்ணும் நிக்காது."

"நானே கண்ணாடியில பாத்துக்கறேனே?"

"உன் இமைக்கு உள்பக்கம் உனக்குத் தெரியுமாடி?"

சாயங்காலம் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தாள். லென்ஸ்காரர் ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டார்ச்சோடு வந்தார். அவள் கண்ணைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்தாள். கை மட்டும் முகத்தைவிட்டு இறங்கவில்லை.

"நல்லா இருக்காதுங்க."

"அழகு பாக்கற வேலையா குடுத்திருக்காங்க எனக்கு? சிவப்பு பாக்கற வேலைதானே?"

கையை எடுத்தாள். அவர் குனிந்து, இமையை மெல்ல விலக்கினார். அவர் மூச்சு கன்னத்தில் பட்டது. டார்ச் வெளிச்சத்தை ஓரம் ஓரமாக நகர்த்தினார்.

"என்ன?" என்றாள்.

"ஆடாத. டார்ச் ஆடுது."

"டார்ச் உங்க கையிலதான் இருக்கு."

"ஆமா... என் கைதான்." அவர் இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கன்னத்து உள்பக்கம் மாதிரி இருக்கு. இந்த ஓரம் மட்டும் ரத்தச் சிவப்பு. நான் பண்ணி வெச்ச வேலை."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன இருக்கும்னு நெனச்ச? ரயில் சுரங்கமா?"

டாக்டர் தந்த சொட்டு மருந்தை அவர் விடும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதடி, மருந்து வழியுது," என்று அவர் அதட்டினார்.

நான்காம் நாள் அந்த ஓரமும் வெளிறத் தொடங்கியது. அதை மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே சொன்னார். அவள் கண்ணைக் கழுவி, மேலிமைக்குள் செருகி, கீழிமையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். லென்ஸ்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? அது என்னைப் பாக்கல. ஃபேனைப் பாக்குது."

"இத்தனை மாசத்துல எப்பவாவது இப்படி இருந்திருக்கா?"

"ரெண்டு மூணு தடவ. சொல்லத் தைரியம் வரல."

"அட பாவி மனுஷா!" என்று தொடையில் ஓர் அடி வைத்துவிட்டு, விரல் நுனியால் கண்ணை நகர்த்தினாள். "இப்போ?"

கடையில் வாடிக்கையாளருக்கு ஃபிரேம் சரிசெய்யும் தோரணையில் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் மூக்குப் பக்கம். இல்ல மேடம், அவ்ளோ வேணாம். லேசா கீழ. ஆங்... அப்படியே இருங்க."