வசிக்கும் முகவரி

எங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பழைய கணினியில் முகவரிக்கென்று ஒரே ஒரு பெட்டிதான். ஒருவன் எங்கே படுத்து எழும்புகிறான், அவனுக்கு எங்கே கடிதம் போகவேண்டும் எல்லாமே அதற்குள் அடக்கம். பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டியை நிரப்புவதுதான் என் உத்தியோகம். அதைத் தூக்கிவிட்டுப் புதிய முறைமை வரப்போகிறது என்று கொழும்புத் தலைமையகத்திலிருந்து அறிவித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு எதுவுமே சட்டென்று பிடிப்பதில்லை என்பது கல்முனைக் கிளையில் எல்லோருக்கும் தெரியும்.

புதியதற்குள் போகிற ஒவ்வொரு தகவலும் உண்மையாக இருக்கவேண்டும், ஆதாரம் வேண்டும் என்பது சட்டம். எல்லாம் சரி என்று கடைசியில் கையொப்பம் வைக்கிறவன் நான். பிழை கண்டுபிடிக்கப்பட்டால் நிறுவனத்தின் அனுமதிப்பத்திரமே ஆட்டம் காணும். அதைக் கண்காணிக்கவென்றே, இரண்டு வருடமாக எங்கள் கிளையிலிருக்கும் பாண்டிருப்புக் கேதீஸ்வரியை இணக்க அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பதவியில் எனக்கு மேல். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தால் எதுவும் தப்பாது.

முதல் வாரமே அறுநூற்று நாற்பது ஆண்களைச் சந்தேகத்துக்குரியவர்கள் என்று புதிய முறைமை ஒதுக்கிவிட்டது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாளில் திடீரென்று யாரோ ஒரு பெண்ணின் பெயரிலுள்ள வீட்டுக்கு முகவரி மாற்றியவர்கள். கொழும்பு பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தது. கேதீஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"சேர், இது மோசடி இல்ல. இஞ்ச கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொம்புளட வீட்ட போற."

கொழும்புக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வீடு படிவம் அனுப்பவேண்டும், இன்னார் இங்கே வசிக்கிறாரா என்று வீட்டுக்காரி அடையாளமிட்டு ஒப்பம் வைத்து அனுப்பவேண்டும் என்று முடிவாயிற்று.

நானும் எங்கள் நிறுவனத்தில் காப்புறுதி எடுத்தவன்; அந்த அறுநூற்று நாற்பதில் ஒருவன். இன்ஸாப், 41/2, கடற்கரை வீதி, மருதமுனை.

அது ஸுஹைறாவின் வீடு. என் மனைவி. நான் அங்கிருந்து வெளியேறி எட்டு வருடமாகிறது.

பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குசினி ஓட்டில் குப்பை கொட்டுகிறது என்று, ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கேட்காமல் முருங்கை மரத்தை அடியோடு வெட்டினேன். "என்ட வூட்டு மரத்த வெட்ட நீங்க ஆரு?" என்றாள். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் கட்டிக் கொடுத்த வீடு, கேட்டது நியாயம். நியாயமாகக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு சாய்ந்தமருதில் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஆணுக்கென்று வீடு ஏது? முதலில் உம்மாவுடையது, பிறகு மனைவியுடையது, இரண்டும் இல்லாதவனுக்குச் சகோதரியுடையது.

நான் தலாக் சொல்லவில்லை. அவளும் விவாகரத்துக் கேட்டுக் காதியாரிடம் போகவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். அவள் என்ன நினைத்து இருந்தாளோ தெரியாது. எட்டு வருடம் இப்படித்தான் போனது.

ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காப்புறுதிதாரர் எல்லோருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போகும். என்னுடையதைக் கடைசியாக மடித்து உறையில் இடுவேன். அவள் அதைப் பிரிப்பாளோ, அடுப்பில் வைப்பாளோ. எப்படியும் தபால்காரர் அந்தப் படலையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வருடத்தில் நான்கு தடவையாவது அந்த வளவுக்குள் என் பெயர் கேட்கும். அதற்காகத்தான் முகவரியை மாற்றாமல் வைத்திருந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

படிவத்தை அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. 'இல்லை' என்று வந்துவிட்டால் கடிதமும் நின்றுவிடும். யாரும் பார்க்காத நேரத்தில், சரிபார்க்கப்பட்டது என்று என் பெயருக்கு நேரே நானே அடையாளமிட்டேன். வெட்கக்கேடுதான். பத்தொன்பது வருடத்தில் நான் பதிந்த முதல் பொய் அது.

மறுநாளே கேதீஸ்வரி என் மேசைக்கு வந்துவிட்டார். அண்ணன் என்ற முறையில் என்னை 'நானா' என்றுதான் அழைப்பார்.

"நானா, உங்கட பேருக்குப் படிவத்தக் காணல்ல. சரி பாத்தாச்சி எண்டு கிடக்கு. ஆரு பாத்த?"

"நான்தான் மிஸ். என்ட முகவரி எனக்குத் தெரியாதா?"

"மருதமுனை வடக்கால கிடக்கு. நீங்க தெற்கால இருந்து வாற பஸ்ஸில வந்து இறங்கிறத நான் ரெண்டு வருசமாப் பாக்கன்."

எனக்குக் கோபம் வந்தது.

"இந்த ஒண்டப் பொய்யா விட்டா, நீங்க ஒப்பம் வைக்கிற மத்ததெல்லாத்தையும் நான் எப்பிடி நம்புற?" குரலை உயர்த்தாமல் கேட்டார். "ஒண்டு, முகவரிய மாத்துங்க. இல்லாட்டிப் படிவத்த அனுப்புங்க."

மாற்றக் கை வரவில்லை. படிவத்தை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. எல்லாருடைய படிவமும் வந்துகொண்டிருந்தது. 'வசிக்கிறார், ஆனால் வீட்டில் நிற்பதில்லை' என்று ஒரு மாமியார் எழுதியனுப்பியதை வாசித்து அலுவலகமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தபால் பை வரும்போதெல்லாம் எழும்பிப்போய் எட்டிப் பார்த்தேன்.

இருபதாம் நாள் என்னுடையது வந்தது. என் படிவத்தை நானே பிரிக்கக்கூடாது என்பது விதி. கேதீஸ்வரி பிரித்து, நின்றபடியே வாசித்து, என் முன்னால் வைத்தார்.

'வசிக்கவில்லை' என்ற பெட்டியில் அடையாளம்.

அவள் பொய் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இந்த ஒரு தடவை சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குக் கீழே, ஒப்பமிடுபவரின் உறவுமுறை என்ற இடத்தில், 'மனைவி' என்று எழுதியிருந்தாள். குறிப்பு என்ற பகுதியில் அவளுடைய சாய்ந்த எழுத்து:

'எட்டு வருடமாக இல்லை. கடிதங்கள் முப்பத்திரண்டும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இங்கே அனுப்புவதை நிறுத்த வேண்டாம். வெட்டிய முருங்கை துளிர்த்து இப்போது காய்க்கிறது என்று அவரிடம் சொல்லவும்.'

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"புதுசில ரெண்டு பெட்டி கிடக்கு, நானா" என்றார் கேதீஸ்வரி. "வசிக்கிற முகவரி ஒண்டு, கடிதம் போற முகவரி ஒண்டு. கடிதத்த ஒருத்தரும் நிப்பாட்டத் தேவல்ல."

பயிற்சி வகுப்பில் அந்த இரண்டாவது பெட்டி தேவையில்லாத வேலை என்று சண்டை பிடித்துவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனவன் நான்.

"ஆனா அந்தக் கடைசி வரி எனக்கு விளங்கல்ல. கணக்காய்வாளர் கேட்டா என்னெண்டு சொல்ற?"

"அது முகவரி மாத்தம் சம்மந்தப்பட்டது எண்டு சொல்லுங்க மிஸ்."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அப்ப, முதல் பெட்டியில மருதமுனை எண்டு போடட்டா?"

"இல்ல. இண்டைக்குச் சாய்ந்தமருதுதான். உண்மையப் போடுங்க."

ஐந்து மணிக்கு, மேசை லாச்சியைத் திறந்து முகவரி மாற்றப் படிவம் ஒன்றை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்து, வீதியைக் கடந்து, வடக்கே போகிற பஸ்ஸுக்காக நின்றேன். அந்தப் படிவத்துக்கும் வீட்டுக்காரியின் கையொப்பம் வேண்டும்.