நாலு பக்கமும் தைத்த தலையணை உறை

கொழும்புப் பயணம் உறுதியானதும், மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சாமானின் பெயரை எழுதினேன்: தையல் மிஷின், தலை மட்டும். பக்கத்தில் ‘சரியா?’ என்றும் எழுதினேன். எதை எழுதினாலும் அந்தக் கேள்வியைப் போடாமல் எனக்கு நோட்டை மூட வராது.

அது 1957. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு. இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன் என்பதால், கொழும்பு வியாபாரிகளிடம் மாதிரிகளைக் காட்டி ஆர்டர் எடுத்து வர முதலாளி என்னை அனுப்பினார். தினம் பேட்டா உண்டு. பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டால் பாதி மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன்.

மிஷின் என் அக்கா ஞானபூரணிக்கு. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த தீ விபத்தில் அவள் வலது கையில் மூன்று விரல்கள் வெந்து, மடங்காமல் போயின. அதற்குப் பிறகு இடது கையால் ஊசி பிடித்து அக்கம்பக்கத்தாருக்குத் தைத்தாள். ஒரு ரவிக்கைக்கு நாலு நாள் ஆகும். கால் மிதிக்கும் மிஷின் என்றால், துணியைத் தள்ளிவிட இடது கை ஒன்றே போதும்.

மதுரையில் தலை மட்டுமே இருநூற்று நாற்பது ரூபாய். கொழும்பில் ஜப்பான் மிஷின் நூற்றைம்பது என்றார்கள். மிதிக்கிற இரும்புக் கால் கனம். அதை மதுரையிலேயே எழுபதுக்கு வாங்கிக்கொள்ளலாம். கடல் தாண்டி வாங்கினால் கையில் தூக்கக்கூடியதாக, காலத்துக்கும் உழைப்பதாக இருக்க வேண்டும். இப்படியெல்லாம் யோசித்து அக்காவிடம் சொன்னேன்.

“தலை வாங்கிட்டு வாரேன்க்கா.”

“எனக்கு எதுக்குலே இன்னொரு தலை? இருக்கிறதுக்கே எண்ணெய் வைக்க முடியல.”

கொழும்பில் புறக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த விருதுநகர்க்காரர் சீனிச்சாமி அண்ணாச்சியின் கடைப் பின்கட்டில் தங்கினேன். மிஷினை வாங்கி வந்து காட்டினேன். அண்ணாச்சி சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“நல்ல சாமான். ஆனா புதுசுன்னு சொன்னா தனுஷ்கோடி சுங்கத்துல தீர்வை போட்டுருவாக. ரெண்டு வருசமா வீட்டுல கெடந்தது, ரிப்பேருக்குக் கொண்டு போனேன்னு சொல்லிருங்க தம்பி.”

“அது பொய்யில்லையா அண்ணாச்சி?”

“மெய்யாவே சொல்லிச் சொல்லித்தான் இம்புட்டு மெலிஞ்சு கெடக்கீக.”

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உண்மையிலேயே தைத்துவிட்டால் பழையது என்று சொல்வது பொய்யாகாது. மல் துணி வாங்கி, மூன்று நாள் மாலையும் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி நாலு தலையணை உறை தைத்தேன். தையல் கோணவில்லை. ஓரத்திலிருந்து அரை அங்குலம் அளந்து, பென்சிலால் கோடு போட்டுத்தான் தைத்தேன்.

மிஷினை வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. கடை மூலையில் சிவகாசிப் பட்டாசு வந்திறங்கிய மரப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது. திருத்தங்கலில் எங்கள் வீட்டிலேயே அப்படி மூன்று உண்டு: ஒன்றில் அரிசி, ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் அக்கா உட்காருவாள். வைக்கோல் திணித்து மிஷினை உள்ளே வைத்து, ஆணி அடித்து, சாக்கால் மூடிக் கயிறு கட்டினேன்.

தலைமன்னார் துறையில் சாக்கு அவிழ்ந்தது. பெட்டியைத் தூக்க வந்தவர் அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, “வெடி! வெடி!” என்று ஓடினார். அப்போதுதான் அதன் பக்கவாட்டில் சிவப்பில் பெரிதாக எழுதியிருந்ததைப் படித்தேன்: ‘வெடிபொருள். தீ ஆகாது.’ பிறந்ததிலிருந்து பார்க்கிற எழுத்து என்பதால் இதுவரை படித்ததே இல்லை. திறந்து காட்டியும் கப்பல்காரர் அந்தப் பெட்டியை ஏற்றச் சம்மதிக்கவில்லை. மிஷினை வெளியே எடுத்து, போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கடலைத் தாண்டினேன்.

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி போர்வையை விலக்கிப் பார்த்தார். “புதுசா, பழசா?”

அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வாக்கியம் வந்தது.

“ஆறு நாள் பழசு சார். நாலு தலையணை உறை தைச்சிருக்கேன். அதனால பழசுன்னு சொல்லலாமான்னு எனக்குத் தெரியல.”

அவர் உறைகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“தலையணையை எது வழியாப்பா உள்ளே விடுவே?”

நான் பார்த்தேன். நாலு உறையிலும் நாலு பக்கமும், அரை அங்குலம் பிசகாமல், தைத்து மூடியிருந்தேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சிரித்தார். பிறகு, “யாருக்கு இது?” என்று கேட்டார். அக்காவின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். பில்லைக் கேட்டு வாங்கித் தேதியைப் பார்த்தார்.

“பில்லு ஆறு நாள் முந்தினது. பழசுன்னு எழுத எனக்கு வழியில்லை. அறுபத்து நாலு ரூபாய் தீர்வை. கட்ட முடியலேன்னா இங்கே வைச்சுட்டுப் போகணும்.”

என்னிடம் எழுபத்தெட்டு இருந்தது. எழுபது இரும்புக் காலுக்கு, எட்டு வழிச்செலவுக்கு. எண்ணிக் கொடுத்தேன். அவர் ரசீது எழுதி முடித்துவிட்டு, போர்வையைத் தாமே மிஷினுக்குச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் மதியம் திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் அக்கா கேட்டாள்.

“பெட்டிய விட்டுட்டா வந்த? நல்ல பெட்டியாச்சேலே!”

“ஏத்த மாட்டேன்னுட்டாக.”

“வெறும் பெட்டியில என்ன வெடி இருக்காம்?” என்று அலுத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, “கால்?” என்றாள்.

“தீர்வைக்குப் போயிருச்சுக்கா. மதுரை விலைக்கு இருபத்தாறு ரூபாதான் மிச்சம். இதுக்கா அம்புட்டுத் தூரம் பட்டினி கெடந்தேன்னு தோணுது. நான் செஞ்சது சரியான்னு...”

அவள், தான் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்து, “இதுல தூக்கி வை” என்றாள். வைத்தேன். சிவப்பு எழுத்துக்கு மேல் மிஷின் கறுப்பாக மின்னியது. அவள் தரையில் உட்கார்ந்து, பிளேடால் ஓர் உறையின் நாலாவது பக்கத்தைப் பிரித்தாள். ஓரத்தை மடக்கி ஊசிக்கடியில் கொடுத்து, இடது கையால் பிடித்துக்கொண்டாள். மடங்காத விரல்களை மிஷினின் தட்டின்மேல் லேசாகச் சாய்த்து வைத்தாள்.

“கால் வர்ற வரைக்கும் நீதாம்லே கால். சுத்து.”

சக்கரத்தைச் சுற்றினேன். அவள் கைக்குக் கீழே துணி நகர்ந்தது. நாலு நாள் வேலை கண் முன்னால் ஓடுவதைப் பார்த்து எனக்கு உற்சாகம் வந்துவிட்டது, வேகமாகச் சுற்றினேன். அவள் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“மெதுவாலே. இந்தத் தடவையும் வாய மூடிராத.”